இருளில் கேட்ட நாடகம்

நாடகம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது மேடை. திரை விலகுகிறது, ஒளி விழுகிறது, நடிகர் வருகிறார். ‘கூத்துப் பார்க்கப் போகிறோம்’ என்றுதான் நம்மவர் சொல்வார்கள். ‘கூத்துக் கேட்கப் போகிறோம்’ என்று எவரும் சொல்வதில்லை. கண்ணுக்கென்றே பிறந்த இக்கலை, கண்ணுக்கு வேலையே இல்லாத வானொலிக்குள் எவ்வாறு குடிபுகுந்தது? விடை தேட வேண்டுமாயின், நேயர்களே, 1924ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி செவ்வாய்க்கிழமை இரவுக்கு, இலண்டன் மாநகருக்கு நாம் செல்ல வேண்டும்.

பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கி அப்போது பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. இன்று நாம் அறிந்த கூட்டுத்தாபனமாக அது அன்று இருக்கவில்லை. வானொலிக் கருவி உற்பத்தியாளர்கள் கூடி அமைத்த ஒரு கம்பனியாகவே இருந்தது. பத்துச் சிலிங் கொடுத்து அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் வீட்டில் கருவி வைத்துக் கேட்கலாம். பலரிடம் இருந்தது படிக வானொலி. கலீனா என்ற ஈயக் கனிமத் துண்டு ஒன்று. அதன்மேல் மெல்லத் தொட்டு நிற்கும் நுண்ணிய கம்பி ஒன்று. ‘பூனை மீசை’ என்பது அக்கம்பிக்கு மக்கள் இட்ட செல்லப்பெயர். கம்பியை அங்குமிங்கும் நகர்த்திச் சரியான புள்ளியைப் பிடித்தால் குரல் கேட்கும். யாராவது மேசையில் இடித்துவிட்டால் போயிற்று. மறுபடியும் தேட வேண்டும்.

இக்கருவிக்கு மின்கலம் தேவையில்லை. வானலையின் வலுவிலேயே அது இயங்கியது. ஆகவே ஒலி மிக மெல்லியது. காதில் மாட்டும் கருவி இல்லாமல் கேட்க முடியாது. அதனை ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் கிண்ணத்தைச் சூழ்ந்து குனிந்திருந்து கேட்பதும் உண்டு. இவ்வளவு சிரமப்பட்டுக் கேட்டவர்கள் அரைமனதோடு கேட்டிருக்க முடியாது என்பதை நாம் மனதில் கொள்ள வேண்டும்.

இவர்களுக்கு முதலில் கிடைத்தவை மேடை நாடகங்களே. 1923 பெப்ரவரியில் ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகள் ஒலிபரப்பாயின. அதே ஆண்டு மே மாதத்தில் ‘பன்னிரண்டாம் இரவு’ முழு நாடகமாக வந்தது. சொல்லின் செல்வராகிய ஷேக்ஸ்பியர் காதுக்கும் விருந்தளித்தார் என்பது உண்மையே. ஆயினும் யார் வந்தார், யார் போனார், யார் யாரைப் பார்த்துப் புன்னகைத்தார் என்பதெல்லாம் காற்றோடு போயிற்று. கேட்பவர் கண்கட்டி மண்டபத்தில் அமர்த்தப்பட்டவர் போலானார்.

இந்நிலையில்தான் நெறியாளர் நைஜல் பிளேஃபெயர், ரிச்சர்ட் ஹ்யூஸ் என்ற இளம் எழுத்தாளரிடம் வானொலிக்கென ஒரு நாடகம் கேட்டார். ஹ்யூஸுக்கு வயது இருபத்து மூன்று. 1929இல் ‘எ ஹை விண்ட் இன் ஜமெய்க்கா’ என்னும் நாவலால் புகழ்பெறப் போகிறவர் இவரே. கேட்பவருக்குக் கண் தெரியாது என்ற குறையை எப்படி மறைப்பது என்று அவர் யோசிக்கவில்லை. பாத்திரங்களுக்கும் கண் தெரியாமற் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தார். அதன் பயனாகப் பிறந்ததே ‘எ கொமெடி ஒஃப் டேஞ்சர்’ என்ற குறுநாடகம். சிறுவர்க்கான நாடகமொன்று 1922 நத்தார் காலத்திலேயே ஒலிபரப்பாகியிருந்தது. எனினும், வளர்ந்தோருக்காக, வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று பி.பி.சி. வரலாற்றில் பொதுவாகக் கொள்ளப்படுவது ஹ்யூஸின் இந்த நாடகமே.

களம், வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கம். ஓர் இளைஞன், ஓர் இளம்பெண், ஒரு முதியவர் ஆகிய மூவரும் சுரங்கத்தைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். நாடகம் தொடங்கும்போதே விளக்குகள் அணைந்துவிடுகின்றன. பிறகு வெடிச்சத்தம், பிறகு வெள்ளம் ஏறுகிறது. தூரத்தே சுரங்கத் தொழிலாளர் பாடும் குரல் கேட்கிறது. ஒலிபரப்புக்கு முன், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்குமாறு நேயர்களுக்கு ஆலோசனை கூறப்பட்டது. இதனால் வீட்டில் இருந்தவரும் சுரங்கத்தில் அகப்பட்டவரும் ஒரே இருளில் இருந்தார்கள். கண்கட்டி அமர்த்தப்பட்டவர் என்ற நிலை நேயருக்கு மாறிற்று. அகப்பட்டவர்களில் அவர் நான்காமவரானார்.

கலையகத்தில் நடந்ததை ஹ்யூஸ் பிற்காலத்தில் சுவையாக நினைவுகூர்ந்திருக்கிறார். எதிரொலி வராதிருக்கக் கலையகச் சுவர்களில் கனத்த துணிகள் தொங்கவிடப்பட்டிருந்தன. சுரங்கத்துக்கோ எதிரொலிதான் உயிர். ஆகவே நடிகர்கள் வாளிக்குள் தலையை விட்டுப் பேச வேண்டியதாயிற்று! பாட வந்த வேல்ஸ் நாட்டவரைக் கலையகத்துக்கு வெளியே நிறுத்தி, கதவைத் திறந்தும் மூடியும் அவர்கள் பாட்டைத் தூரத்தில் எழுவதாகவும் தேய்வதாகவும் காட்டினார்கள். வாளியும் கதவும் இங்கே செய்த வேலை என்ன? மேடையில் திரைச்சீலை ஓவியம் செய்யும் வேலையை அவை செய்தன. எதிரொலியே இடமாயிற்று, பாட்டு எழுந்து தேய்ந்ததே தூரமாயிற்று.

நாடகத்தின் முடிவுதான் இதிலும் முக்கியமானது. மேலே துளையிட்டு மீட்புக்குழு வருகிறது. முதியவர் தம் முறையை இளையவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். அவர்கள் கரையேறிய பின்னர் அவருடைய முறை வரும்போது அவர் இல்லை. மேடையில் ஒரு மரணத்தைக் காட்ட ஓர் உடல் வேண்டும். வானொலியில் ஒரு குரல் வராமற் போனாலே போதும். சற்றுமுன்வரை பயத்தோடும் கோபத்தோடும் பேசிக்கொண்டிருந்த ஒருவரை அந்த மௌனத்தில் நேயர் இழக்கிறார். எழுத்தாளர் அங்கே ஒரு சொல்லும் எழுதவில்லை. மிச்சத்தை எழுதியவர் கேட்டிருந்தவரே. வானொலி நாடகத்தின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது எனலாம்.

அதே காலத்தில் நமது நாட்டிலும் வானொலி தவழத் தொடங்கிவிட்டது. கொழும்புத் தந்தித் திணைக்களத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் 1923 முதல் பரிசோதனைகள் நடத்தினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு நிலையம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. பின்னர் இலங்கை வானொலியில் தமிழ் நாடகமும் தழைத்தது. ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதனின் ‘இலண்டன் கந்தையா’வைக் கேட்டுச் சிரித்த தலைமுறையொன்று நம்மிடையே இருந்தது. கந்தையாவின் முகத்தை அவர்கள் வானொலியில் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு கந்தையா இருந்தார்.

விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று எவரும் சொல்லாமலே இருளில் இருந்து கேட்டவர்களும் நம்மில் உண்டு. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; மின்கலம் கிடைப்பதும் அரிது. சைக்கிளை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடுகள் பல. சுற்றுபவர் கை ஓய்ந்தால் வானொலியும் ஓய்ந்துவிடும். ‘சுத்தடா, சுத்து’ என்று இருளில் ஒரு குரல் எழும். சில்லு மீண்டும் சுழலும். விட்ட இடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை அவரவர் தாமே நிரப்பிக்கொண்டு மேலே கேட்பார்கள். 1924இல் ஓர் இளைஞர் நம்பியிருந்தது அந்த நிரப்பும் மனத்தைத்தான்.