வெளிநாட்டுக்கு நாயுடன் புறப்படுகிறீர்களா? நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய ஏற்பாடுகள்

திருவனந்தபுரம்: வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் புறப்படுவோருக்கு விசாவும் விமானப் பயணச்சீட்டும் பல நேரங்களில் சில வாரங்களிலேயே கிடைத்துவிடுகின்றன. வீட்டில் வளரும் நாயை உடன் அழைத்துச் செல்ல அந்த அவகாசம் போதாது. பிரிட்டனுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கு, முதல் தடுப்பூசி நாளிலிருந்து குறைந்தது நான்கு மாதங்கள் தேவை. இதைக் கடைசி நேரத்தில் அறிபவர்கள், நாயை அங்கே தனிமைப்படுத்தல் கூடத்தில் விடுவதா, இங்கேயே விட்டுச் செல்வதா என்ற இக்கட்டில் சிக்குகின்றனர்.

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் குடும்பங்களுக்கு எல்லை என்பது புதிதல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் எல்லையின் இருபுறமும் உறவுகள் உள்ளன. வீட்டு நாயுடன் களியக்காவிளையைக் கடந்து உறவினர் வீட்டுக்குச் செல்ல எவரும் மாதக்கணக்கில் காத்திருப்பதில்லை. அதே நாய் கடல் கடக்க வேண்டுமென்றால் நிலைமை முற்றிலும் மாறுகிறது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

இந்த விதிகள் அனைத்துக்கும் அடிப்படை ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய். மனிதர்களுக்கு ஏற்படும் ரேபிஸ் பாதிப்புகளில் சுமார் 99 சதவீதம் நாய்களால் பரவுவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. உலக அளவில் நிகழும் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்வதாகவும் அந்த அமைப்பு மதிப்பிட்டுள்ளது. எனவே, பல நாடுகள் இந்தியாவை அதிக அபாயம் உள்ள நாடாகக் கருதுகின்றன.

பிரிட்டன் 1922-இல் நாய்களிடையே ரேபிஸை ஒழித்தது. அதன் பின்னரும், வெளியிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதங்கள் அடைத்து வைக்கும் முறை அங்கு 2000-ஆம் ஆண்டு வரை நீடித்தது. தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் அந்த ஆறு மாதத்துக்கு மாற்றாக வந்தவை. காத்திருக்கும் காலம் மறைந்துவிடவில்லை. அதை நாய் தன் சொந்த வீட்டிலேயே கழிக்க வழி பிறந்தது என்பதே மாற்றம்.

வரிசை மாறக் கூடாது

முதலில் நாயின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்தப்பட வேண்டும். அதன் பிறகோ, அதே நாளிலோ ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் கொள்ளப்படாது. ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டவர்களும் இதனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது.

தடுப்பூசி போட்டு 30 நாள் கழிந்த பின் ரத்த மாதிரி எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றலின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் கழிந்த பிறகே பயணம் செய்யலாம். தடுப்பூசிக்கு முன்பே கிருமி உடலில் புகுந்திருந்தால், நோய் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும். அடுத்த தவணை ஊசியைத் தவறவிட்டால், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு ஆகிய அனைத்தும் மீண்டும் தொடங்கும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

பிரிட்டன், அயர்லாந்து செல்லும் நாய்களுக்கு, அந்நாட்டை அடைவதற்கு 24 மணி நேரம் முதல் 120 மணி நேரம் முன்னதாக நாடாப்புழு மருந்து கொடுத்துச் சான்று பெற வேண்டும். பிரிட்டனுக்கு விமானத்தில் செல்லும் வளர்ப்பு நாய்கள் சரக்குப் பிரிவிலேயே அனுப்பப்படுகின்றன. ஆவணத்தில் குறை இருந்தால் நாய் நான்கு மாதங்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம் அல்லது திருப்பி அனுப்பப்படலாம். இரண்டுக்கும் செலவு உரிமையாளருடையது.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியுள்ளது. நாய்க்கு ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தியாவில் தடுப்பூசி போடப்பட்ட நாய், குறிப்பிட்ட சில விமான நிலையங்கள் வழியாக மட்டுமே நுழைய முடியும். உரிய ரத்தப் பரிசோதனை முடிவு இல்லையெனில் 28 நாள் தனிமைப்படுத்தல் கட்டாயம்.

ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நாய்களை நேரடியாக ஏற்பதில்லை. அந்நாடு அங்கீகரித்த வேறொரு நாட்டில் நாயைத் தங்கவைத்து, அங்கிருந்தே கொண்டு செல்ல வேண்டும். அதன் பிறகும் மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் உள்ள அரசுக் கூடத்தில் குறைந்தது 10 நாள். நாயின் அடையாளம் முன்கூட்டியே உறுதி செய்யப்படாவிட்டால் 30 நாள்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு, புறப்படும் முன்பே இறக்குமதி அனுமதி பெற வேண்டும். பிட்புல் உள்ளிட்ட சில இனங்களுக்கு அங்கு அனுமதி இல்லை. இனத்தைச் சரிபார்ப்பதே அங்கு செல்வோரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சான்றிதழ் எங்கே பெறுவது?

தடுப்பூசியும் சிப்பும் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் முடியும். ஏற்றுமதிக்கான உடல்நலச் சான்றிதழை மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவை அலுவலகமே வழங்குகிறது. புறப்படும் விமான நிலையத்தைத் தேர்வு செய்யும் முன்பே, அதற்குரிய அலுவலகத்தையும் விமான நிறுவனத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களை ஏற்றப் பல விமான நிறுவனங்கள் தயங்குகின்றன. அவற்றுக்கு மூச்சுத்திணறல் ஏற்படும் அபாயம் அதிகம்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியது

இந்த நான்கு மாதங்களை நாயைக் கூண்டுக்குப் பழக்கப் பயன்படுத்தலாம். நாய் உள்ளே நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். கூண்டைத் திறந்தே வைத்து, உணவையும் படுக்கையையும் அதனுள் இட்டால், நாய் அதைத் தன் இடமாக ஏற்கும். பயணத்துக்கு முன் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தானது. தனிமைப்படுத்தல் தவிர்க்க முடியாதது எனில், வழக்கமான உணவு, மருந்து, பழக்க வழக்கம் பற்றிய குறிப்பை அந்தக் கூடத்துக்கு முன்னதாகவே அனுப்பலாம்.

திரும்பி வருவோருக்கும் விதிகள் உண்டு. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்து இந்தியாவுக்குக் குடிபெயர்வோர், இரண்டு செல்லப் பிராணிகள் வரை உடைமையாகக் கொண்டு வரலாம். அதற்கு முன்கூட்டியே தடையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும். 2022-இல் உக்ரைன் போரிலிருந்து மீண்டவர்கள் தங்கள் நாய், பூனைகளுடன் வர மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. இடுக்கியைச் சேர்ந்த மாணவி ஒருவர் தம் சைபீரியன் ஹஸ்கி நாயுடன் ஊர் திரும்பியது அப்போதுதான். அது போர்க்காலத்துக்கு மட்டுமான சலுகை.

விட்டுச் செல்ல நேர்ந்தால்

அழைத்துச் செல்ல இயலாதவர்கள் நாயைத் தெருவில் விடுவது தீர்வாகாது. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தடுப்பூசித் தவணை நின்றுபோன வீட்டு நாய் தெருவுக்கு வந்தால், ஆபத்து நாய்க்கு மட்டுமல்ல. 2016 ஆகஸ்டில் நெய்யாற்றின்கரை வட்டத்தின் புல்லுவிளை கடற்கரையில் மூதாட்டி ஒருவர் தெருநாய்கள் தாக்கி உயிரிழந்ததை இப்பகுதி மறக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் உள்ள உறவினரிடமோ நண்பரிடமோ நாயை ஒப்படைப்பவர்கள், தடுப்பூசிப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிப்பும் தவணை ஊசியும் தவறாமல் இருந்தால், குடும்பம் வெளிநாட்டில் நிலைபெற்ற பின் அதே நாயை முறைப்படி வரவழைக்கவும் வழி உண்டு. ஆகவே, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே நாய்க்குச் சிப் பொருத்தி, ஊசி போட்டு வைப்பது பாதுகாப்பானது. பயணம் கைகூடாமல் போனாலும் அந்த ஊசி வீண் போவதில்லை.