பிரம்பு போன பிறகு

"கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றத் தோலையெல்லாம் உரித்துவிடுங்கள், ஸார்!" தமிழ்நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் தகப்பனார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் வாக்கியம் இது. உபாத்தியாயர் மேல் உள்ள நம்பிக்கையைக் காட்டத்தான் சொல்கிறார்கள். ஆனால் 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும், மனம் நோக வதைப்பதையும் ஒருங்கே தடுத்துவிட்டது. ஆகவே அந்த உரிமை இப்போது தகப்பனார் கொடுக்கக் கூடியதும் அல்ல; நான் வாங்கிக்கொள்ளக் கூடியதும் அல்ல.

'பிரம்பு இல்லாமல் வகுப்பு அடங்குமா?' என்று நேயர்கள் கேட்கலாம். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைப் பரிகசிக்க மாட்டார்கள்.

முன்னோர்கள் கையாண்ட முறைகளைச் சற்றுப் பார்க்கலாம். அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்பெல் துரை, 1823-இல் அங்குள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வருகிற பையனுடைய உள்ளங்கையில் ஸரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாமவனுக்குப் பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். முப்பதாவதாக வந்தவன் கதியை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்! சோம்பேறிப் பையனைக் கூரையிலிருந்து கைகளைக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதற்குக் கோதண்டம் என்று பெயர்.

இதற்கு முன்பே, 1789-இல், சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பள்ளிக்கூடத்தை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்று நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதையும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் தம் பள்ளியில் புகுத்தினார். அவரும் பிரம்பை வெறுத்தவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் எப்போதும் கையில் வேலை இருக்கவேண்டும் என்பதே அவருடைய உபாயம்.

இங்கிலாந்தில் இதே முறையைப் பரப்பிய ஜோஸப் லங்காஸ்டர் என்பவருக்கும் பிரம்பு பிடிக்காது. ஆனால் அவர் அதற்குப் பதிலாகக் கண்டுபிடித்தவை என்ன? குற்றவாளியின் கழுத்தில் ஒரு மரக்கட்டை. அல்லது, கூடையில் உட்காரவைத்துக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பது!

என்னுடைய கவலையும் இதுதான். பிரம்பு வாசல் வழியாகப் போயிற்று. அவமானம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. "உன்னை எதற்குப் பெற்றார்கள்?" என்று நாற்பது பேர் நடுவில் கேட்கும் கேள்வியின் தழும்பு எந்த வைத்தியர் கண்ணுக்கும் தெரியாது. சட்டம் இதையும் தடுக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற மனோதத்துவ நிபுணர் பல வகுப்புகளைப் படம் பிடித்துப் பரிசீலித்து 1970-இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த விதமாகக் கண்டித்தால் பலிக்கும் என்பதை அறியவே அவர் புறப்பட்டார். கிடைத்த விடை விசித்திரமானது. அமைதியான வகுப்பின் உபாத்தியாயரும் சந்தைக்கடை போன்ற வகுப்பின் உபாத்தியாயரும் கண்டிக்கும் விதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! வித்தியாசமெல்லாம் குறும்பு பிறப்பதற்கு முன்னால் இருந்தது. நல்ல உபாத்தியாயருக்கு முதுகிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் நம்பினார்கள். அவர் சரியான ஆளை, விஷமம் பரவுவதற்கு முன்பே கண்டுகொண்டார். பாடத்தை நடுவில் அறுத்துவிட்டு வேறெங்கோ போகவில்லை.

கேட்க மிகவும் சாதாரணமாக இருக்கிறதல்லவா? நடைமுறையும் சாதாரணமானதே. நாற்பது நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தால், காத்திருக்கும் முப்பத்தொன்பது பேரும் விளையாட ஆரம்பிப்பார்கள். பெஞ்சுக்கு ஒருவனிடம் கொடுத்தனுப்பினால் காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதலில் கேள்வியைக் கேட்டு, சற்றுப் பொறுத்து, பிறகு பெயரைச் சொன்னால் நாற்பது பேரும் யோசிப்பார்கள். பெயரை முதலில் சொன்னால் ஒருவன்தான் யோசிப்பான். பேசுகிற பையனை மேஜையிலிருந்து அதட்டாமல், பாடத்தை நிறுத்தாமலே அவன் பக்கம் நடந்துபோய் நின்றால் போதும். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை. அன்றோடு அந்த உபாத்தியாயரின் நீதியில் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போய்விடும்.

சில குறும்புகள் குறும்பே அல்ல. கடைசி பெஞ்சில் ஓயாமல் பக்கத்துப் பையனுடைய நோட்டை எட்டிப் பார்ப்பவனுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். அவனுக்கு வேண்டியது மூக்குக் கண்ணாடி. என் வகுப்பில் ஒருவன் முதல் மணியிலேயே தூங்கி விழுவான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பால் பாக்கெட்டுப் போட்டுவிட்டு வருகிறான் என்று தெரியவர ஒரு மாதம் ஆயிற்று. அதையும் அவன் சொல்லவில்லை, சிநேகிதன் சொன்னான்.

பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளையைப் பற்றி நாங்கள் இரண்டு வரி எழுதி அனுப்பினால், சிலர் அன்று இரவே பெல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். மறுநாள் பிள்ளையின் முழங்காலைப் பார்த்த பிறகு, அடுத்த தடவை எழுதப் பேனாவை எடுக்கும்போது கை தயங்குகிறது. எழுதாமல் விட்டால் விஷயம் உங்களுக்குத் தெரியாமலே போகிறது. கடிதம் வந்தால், அந்தப் பெல்ட்டை இடுப்பிலேயே விட்டுவிட்டு, மறுநாள் பத்து நிமிஷம் பள்ளிக்கூடம் வந்து போங்கள்.