கால் வீங்குது, படுத்தா மூச்சு வாங்குது... வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க!

திருமலைராயன்பட்டினம்:

காலையில் சரியாக இருந்த செருப்பு சாயங்காலம் காலில் நுழையவில்லை. கணுக்காலை விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிறது. ராத்திரி 2, 3 தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது.

"நாள் முழுக்க நின்னு வேலை பார்த்தா அப்படித்தான் இருக்கும்" என்று பலரும் இதை விட்டு விடுகிறார்கள். ஆனால் இது இதயம் பலவீனமாகி வருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நின்று போவது இல்லை

இதய செயலிழப்பு என்றதும் இதயம் நின்று போவது என்று பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொள்வது. இதய செயலிழப்பு என்பது தேய்ந்து போன பம்புசெட் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் தேவையான அளவு ரத்தத்தை தள்ளாது.

இதனால் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு திணறும். காலிலும் வயிற்றிலும் நீர் இறங்கி வீக்கம் வரும்.

யாருக்கு வரும்?

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், ரத்த கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள், இதய வால்வு கெட்டவர்கள், தினமும் குடிப்பவர்கள், பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும்.

சர்க்கரை விஷயத்தில் காரைக்கால்காரர்களுக்கு கூடுதல் கவனம் தேவை. 2023-ம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆய்வில், புதுச்சேரி மாநிலத்தில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்தது. அதாவது 4 பேரில் ஒருவர். நாடு முழுவதும் இது 11.4 சதவீதம்தான்.

திருவனந்தபுரத்தில் 2013-ல் இதய செயலிழப்புடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரை டாக்டர்கள் கவனித்து வந்தனர். அவர்களின் சராசரி வயது 61. ஒரு வருடத்துக்குள் 10 பேரில் 3 பேர் இறந்து விட்டனர். குடும்பத்தை தாங்க வேண்டிய வயதிலேயே இந்த நோய் ஆளை சாய்த்து விடுகிறது.

கருவாடும் உப்பும்

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு சேர்க்க சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலோர ஊரில் கருவாடு இல்லாத வீடு ஏது? அதோடு ஊறுகாய், அப்பளம், மிக்சர் என்று சேர்ந்தால் உப்பு அளவு தாண்டி விடும். உப்பு உடம்பில் தண்ணீரை பிடித்து வைக்கும். பலவீனமான இதயத்துக்கு அது இரட்டை சுமை. ஏற்கனவே இதய நோய் உள்ளவர்கள் கருவாட்டை தவிர்த்து, பச்சை மீனை குழம்பு வைத்து சாப்பிடுவது நல்லது.

வலை இழுத்த உடம்பு வலி, மூட்டு வலி என்று மருந்து கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி போடுவதும் ஆபத்து. பல வலி மாத்திரைகள் உடம்பில் நீரை தேக்கி, இதய நோயை அதிகமாக்கும்.

என்ன செய்யணும்?

* ரத்த கொதிப்பு, சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதனை செய்து பாருங்கள். இருந்தால் மாத்திரையை விடாதீர்கள்.

* வீக்கம், மூச்சு வாங்கல் இருந்தால் ஈ.சி.ஜி., எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதை எக்கோ காட்டி விடும்.

* நோய் உள்ளவர்கள் தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே டாக்டரிடம் போங்கள்.

* "வீக்கம் வடிஞ்சிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீக்கம் வடிந்ததே அந்த மாத்திரையால்தான். இப்போதுள்ள மருந்துகள் ஆயுளை கூட்டுகின்றன.

படுக்க முடியாமல் மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க கூடாது. 108-க்கு போன் செய்து காரைக்கால் அரசு ஆஸ்பத்திரிக்கு போய் விட வேண்டும்.