ஐந்து விண்ணப்பம், ஒரே கேள்வி

ஐந்து இடத்தில் விண்ணப்பம் போட்டு வைத்தால் ஒன்றாவது கிடைக்காமலா போய்விடும்? எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க நினைக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் போடும் கணக்கு இது. பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் தேறும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் தோற்கும் நிகழ்தகவு 0.8. ஐந்திலும் தோற்பதற்கு 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். வருவது ஏறக்குறைய 0.33. அப்படியானால் எங்கேயாவது ஓரிடம் கிடைக்கும் வாய்ப்பு 67 சதவீதம். ஆனால் இப்படிப் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு; அதைப் பி.எஸ்சி. முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே மாணவர், ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே பாடப்பகுதியில் எழுதும் ஐந்து தேர்வுகள் அப்படிப்பட்டவையாக இருக்க வழியில்லை. முதல் தேர்வில் எது காலை வாரியதோ அதுதான் மற்ற நான்கிலும் காத்திருக்கும். இந்தத் துறையின் நுழைவுத் தேர்வுகளைப் புரட்டிப் பார்த்தால் அது கணிதம் என்று தெரியும். விண்ணப்பங்களைக் கூட்டுவதைவிடக் கணிதத்தைக் கூட்டுவதே வாய்ப்பைப் பெருக்கும் என்பது என் வாதம்.

நம் மாணவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல்களில் முதன்மையானவை சில. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ., நடத்தும் எம்.ஸ்டாட். படிப்பு. ஐ.ஐ.டி.க்களின் எம்.எஸ்சி. இடங்களுக்கான ‘ஜாம்’ தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு. சென்னை, பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார், அண்ணாமலை என்று மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனி வரிசை. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். அவை அளப்பது வேறொன்றை.

ஜாம் தாளின் பாடத்திட்டத்தை ஒரு பி.எஸ்சி. மாணவர் தன் மூன்றாண்டுப் பாடப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மக்கள்தொகையியல், குறியீட்டெண்கள், அரசுப் புள்ளிவிவர அமைப்பு, தரக் கட்டுப்பாடு, மென்பொருள் செய்முறை என்று கல்லூரியில் பருவம் பருவமாக இடம்பிடித்தவை அங்கே இல்லை. இருப்பவை தொடர்வரிசைகள், நுண்கணிதம், அணிகள், பிறகு நிகழ்தகவு, சமவாய்ப்பு மாறிகள், எல்லைத் தேற்றங்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை. புள்ளியியல் என்று பெயரிட்டிருக்கும் பகுதியும் உள்ளே போனால் தொகையிடலும் கூட்டு நிகழ்தகவும்தான். ஐ.எஸ்.ஐ. தேர்வு இன்னும் ஒரு படி மேலே போகும். பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி காலையில் 30 கொள்குறி வினாக்கள். மதியம் இரண்டு மணி நேரம், விடையை நிறுவி எழுதவேண்டிய தாள். பிற்பகலில் சூத்திரம் தெரிந்திருப்பது மட்டும் எவரையும் கரை சேர்க்காது.

எந்தவிதமான கேள்வி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். பத்து மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடச் சொன்னால் நம் மாணவர்களில் பெரும்பாலோர் தயங்காமல் போட்டுவிடுவார்கள். கேள்வியைச் சற்றுத் திருப்புவோம். மூன்று மாறிகள் இருக்கின்றன. எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு ஒரே அளவுதான். அந்த அளவு எவ்வளவு கீழே போகலாம்? மைனஸ் ஒன்று வரை போகும் என்றுதான் கை முதலில் எழுதும். ஆனால் மூன்று மாறிகளையும் பரவற்படி ஒன்றாக இருக்கும்படி அளவு மாற்றிக்கொண்டு கூட்டினால், கூட்டுத்தொகையின் பரவற்படி மூன்றுடன் ஒட்டுறவின் ஆறு மடங்கைச் சேர்த்தது. பரவற்படி சுழிக்குக் கீழே போகாது. ஆகவே ஒட்டுறவு மைனஸ் அரைக்குக் கீழே இறங்க முடியாது. விடை இரண்டே வரி. இதற்குக் கால்குலேட்டரும் வேண்டாம், கணினியும் வேண்டாம். பரவற்படி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இயற்கணிதம் கைவசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல கல்லூரிகளில் கணிதம் ‘அலைடு’ பாடமாக வந்து முதல் ஆண்டோடு விடைபெற்றுக்கொள்கிறது. அந்தத் தாளைத் தேறினால் போதும் என்று கடந்து வந்தவருக்கு, மூன்றாம் ஆண்டில் இந்த இரண்டு வரி எட்டாமல் போவதில் வியப்பில்லை.

துறையின் வரலாறும் இந்தப் பக்கமே சாய்கிறது. சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, வேலை தேடிக் கல்கத்தா போன இடத்தில்தான் ஐ.எஸ்.ஐ.யைப் பற்றி அறிந்தார். 1941-இல் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்து, 1943-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் எம்.ஏ. முடித்தார். இரண்டே ஆண்டில், 1945-இல், அவர் எழுதிய கட்டுரையின் முடிவுகளை இன்றும் உலகெங்கும் மதிப்பீட்டுக் கோட்பாட்டின் பாடமாகப் படிக்கிறார்கள். எஸ்.ஆர்.எஸ். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1959-இல் புள்ளியியல் ஹானர்ஸ் முடித்துவிட்டு, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு ஐ.எஸ்.ஐ.க்குப் போனவர். அங்கே நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திரும்பினார். 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். இரண்டு மேதைகளை எடுத்துக்காட்டி எதையும் நிறுவ முடியாது என்று ஒரு நல்ல புள்ளியியல் மாணவர் உடனே மறுப்பார், மறுக்கத்தான் வேண்டும். அவர்கள் அடைந்த உயரத்தை நான் சான்றாக வைக்கவில்லை. கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் இடையே போய்வருவது இந்தத் துறை தோன்றிய நாளிலிருந்து நடந்துவரும் வழி என்பதற்கு மட்டுமே அவர்கள் சாட்சி. பி.எஸ்சி. கணிதம் படித்தவர்கள் இந்தப் படிப்பு தங்களுக்கானதல்ல என்று ஒதுங்குவதற்கும் அதனால் காரணமில்லை. தகுதி விதியை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொண்டு அவர்களும் துணியலாம்.

மதிப்பெண் தரும் முறையும் மாணவரின் கணிதத்தைச் சோதிக்கும் வினாதான். ஐ.எஸ்.ஐ.யின் கொள்குறித் தாளில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 0, விட்டுவிட்டால் 1 என்பது நெடுநாள் வழக்கம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் எதிர்பார்ப்பு மதிப்பு சரியாக 1. விட்டாலும் ஒன்று, ஊகித்தாலும் சராசரியாக ஒன்று. வேறுபாடு பரவலில் இருக்கிறது. பத்து வினாக்களை விட்டுவிட்டால் 10 மதிப்பெண் உறுதி. பத்தையும் ஊகித்தால் சராசரி அதே 10. ஆனால் திட்டவிலக்கம் ஐந்தரை அளவு. கட்-ஆஃபைத் தாண்டிவிட்டோம் என்ற நம்பிக்கை உள்ளவருக்கு அந்த ஆட்டம் வீண் ஆபத்து; கட்-ஆஃபுக்கு வெகு கீழே இருப்பவருக்கு அதுவே மிச்சமிருக்கும் வழி. ஜாமில் ஒரு மதிப்பெண் கொள்குறி வினாவுக்குத் தவறு செய்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். குருட்டு ஊகத்தின் எதிர்பார்ப்பு அங்கே சுழி. க்யூட்டில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. அங்கே குருட்டு ஊகம்கூடச் சராசரியாகக் கால் மதிப்பெண் தரும். ‘நெகட்டிவ் மார்க் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே’ என்ற ஒரே அறிவுரையை மூன்று தேர்வுக்கும் சொல்வது, அதுவும் புள்ளியியல் மாணவருக்கே சொல்வது, கொஞ்சம் வேடிக்கைதான். நான்கில் ஒரு விடையாவது தவறு என்று விலக்க முடிந்தால் மூன்று தேர்விலும் ஊகிப்பது ஆதாயம். அப்படி விலக்குவதற்கும் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக மாணவர்கள் முதலில் சொல்வது வேலைச் சந்தையைப் பற்றி. கம்பெனிகள் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் கேட்கின்றன, டேட்டா சயன்ஸ் சான்றிதழ்கள் வாங்கிக் குவிப்பதை விட்டுவிட்டு நுண்கணிதத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? வேலைக்கு அந்தக் கருவிகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாம் பேசுவது சேர்க்கையைப் பற்றி. தேர்வு அரங்கில் சான்றிதழைப் பார்ப்பவர் எவருமில்லை. டேட்டா சயன்ஸ் என்றே பெயர் வைத்த படிப்பும் இதற்கு விலக்கல்ல. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் நடத்தும் எம்.எஸ்சி. டேட்டா சயன்ஸ் நுழைவுத் தேர்வுக்கும் கணிதமும் நிகழ்தகவும்தான் அடித்தளம். பைத்தானைச் சேர்ந்த பிறகு ஒரு பருவத்தில் பழகிக்கொள்ளலாம். நேரியல் இயற்கணிதம் அத்தனை வேகத்தில் வராது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. இந்தத் தேர்வுகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பெருநகரக் கல்லூரியும் கோச்சிங்கும் வாய்த்தவர்களுக்கே சாதகம். கணிதம் படி என்று சொல்வது வசதியுள்ளவனுக்குச் சொல்லும் அறிவுரை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதே காரணத்தால்தான் கணிதத்தை வலியுறுத்துகிறேன். ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் எழுதி, பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி அனுப்பும் அமெரிக்கப் பாணிச் சேர்க்கையில் மொழிநடையும் தெரிந்தவர்களின் பெயரும் இன்னும் கூடுதலாகப் பேசும். இங்கே முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் தேர்வு நடத்துவோரின் இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. என்.பி.டி.இ.எல். வழியாக ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். தமிழ்வழியில் படித்தவருக்கு வினாவின் ஆங்கிலம் ஒரு தடைதான். ஆனால் கணித வினாவில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம். நான்கைந்து ஆண்டு வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் அவை பழகிவிடும். ஏற்றத்தாழ்வு இதனால் தீர்ந்துவிடாது. கையில் காசில்லாதவர் ஓரளவு எட்டிப்பிடிக்கக்கூடிய தகுதி இது என்பதே நான் சொல்ல வருவது. ஐ.எஸ்.ஐ. கல்விக் கட்டணம் இல்லாமல், மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைத்து வந்த நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை மாணவர்கள் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். புள்ளியியல் என்பது தேற்றம் மட்டும்தானா? 1931-இல் ஐ.எஸ்.ஐ.யைத் தொடங்கிய மகலனோபிஸ் வங்கத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்திய மனிதர். எந்த வயலை அளப்பது, அளப்பவர் எங்கே பிழை செய்வார், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கவலையிலிருந்து பிறந்த அறிவு அது. இரண்டு மணி நேரக் கணிதத் தாள் அந்தப் புத்தியை அளக்குமா? அளக்காது. ஆகவே நுழைவுத் தேர்வில் முதலிடம் பெறுபவரே நல்ல புள்ளியியலாளர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் எம்.எஸ்சி.யின் இரண்டே ஆண்டுகளில் களப் பணியையும் தரவோடு பழகுவதையும் கற்றுக்கொடுத்துவிடலாம். அடிப்படைக் கணிதத்தையும் அங்கேயே தொடங்கினால் காலம் போதாது. தேர்வு வைப்பவர்கள் கணிதத்தை முன்கூட்டியே எதிர்பார்ப்பதற்கு இது நியாயமான காரணமாகவே படுகிறது.

இனி மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும். அரசு கலைக் கல்லூரிகளின் முதுநிலைச் சேர்க்கை பெரும்பாலும் பி.எஸ்சி. மதிப்பெண்ணையும் மாநில இடஒதுக்கீட்டையும் வைத்து நடக்கிறது. ஒரே நாளின் மூன்று மணி நேரத்தை அளக்காமல் மூன்று ஆண்டுகளை அளக்கும் முறை இது. நுழைவுத் தேர்வில் தடுமாறியவர் இங்கே தடுமாற வேண்டியதில்லை. தொடக்கத்தில் சொன்ன சாராமைக்கு ஓரளவாவது அருகில் வருவது இந்த விண்ணப்பம்தான். நான்கு நுழைவுத் தேர்வுகளோடு ஐந்தாவதாக இன்னொரு நுழைவுத் தேர்வைச் சேர்ப்பதைவிட, இரண்டு நுழைவுத் தேர்வும் இரண்டு அரசுக் கல்லூரி விண்ணப்பமும் நல்ல காப்பு. கல்லூரித் தாள்களை அலட்சியம் செய்துவிட்டு ஜாமுக்கு மட்டும் படிப்பவர் தன் காப்பைத் தானே கழற்றி வைக்கிறார்.

நடைமுறையில் பலரைத் தடுக்கி விழச் செய்பவை இரண்டு. ஒன்று காலம். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். அதற்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே, ஐந்தாம் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே திறந்துவிடும். ஆறாம் பருவத்தில் விசாரிக்கத் தொடங்குபவருக்கு அந்த வாசல் ஏற்கெனவே மூடியிருக்கும். மற்றொன்று சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் கையிலிருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் தம் சாதி இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயரில் வராதவர் என்று காட்டும் ஓ.பி.சி. சான்றிதழை அந்த ஆண்டுக்கு ஏற்ற தேதியோடு தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. இவற்றில் தடுக்கி அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர் அடுத்த ஆண்டு ஜாம் எழுதவும் தடையில்லை. அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. எம்.எஸ்சி. இல்லாமலும் ஒரு வழி உண்டு: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டமே போதும். அங்கும் நிகழ்தகவும் மதிப்பீடும்தான் முதலில் வந்து நிற்கும்.