கசக்கினாலும் பிரியாத கந்தை

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. கசக்கும்போதே கந்தை பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்லிவைக்கவில்லை. சென்ற குளிர்காலத்தில் அதற்கான விடையை நானே தேடவேண்டியதாயிற்று.

வங்காளத்தில் வாழும் நமக்குக் 'காந்தா' புதிதல்ல. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெருக்கமான நேர்த்தையலால் இணைத்துச் செய்யும் மெல்லிய போர்வை அது. நம் 'கந்தை'க்கும் இவர்கள் 'காந்தா'வுக்கும் மூலம் ஒன்றே. இரண்டுக்கும் பொருள் பழந்துணிதான்.

அலிப்பூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில், அடுத்த வீட்டு மாஷிமா என் மனைவிக்கு இந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தார். அவளும் தன் பழைய சுங்குடிச் சேலைகள் ஆறைச் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, ஒரு போர்வை தைத்தாள். அவள் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிரசவத்துக்கு வந்திருந்த மகள், "குழந்தையை அம்மாவின் புடவைமேல்தான் கிடத்துவேன் அப்பா" என்றாள். பெட்டியில் இருந்த போர்வையை எடுத்து, துவைத்துத் தரலாமே என்று சலவை இயந்திரத்தில் போட்டேன். வெளியே எடுத்தபோது ஏழு இடங்களில் தையல் வாய் பிளந்து, நூல் நூலாகத் தொங்கியது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாஷிமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தையல் நான் சொல்லிக்கொடுத்தது. வெட்டும் யோசனை அவளுடையது. நாங்கள் சேலையை இப்படித் துண்டு போடமாட்டோம்" என்றார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது.

சேலையின் கரையோரத்தில் ஊடைநூல் திரும்பி மீண்டும் துணிக்குள் செல்கிறது. ஆகவே அது பிரிவதில்லை. கத்தரி பட்ட விளிம்பிலோ நூலைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. துவைக்கும்போது ஏற்படும் உராய்வில் ஒவ்வொரு நூலாக நழுவி, கடைசியில் தையலையே எட்டிவிடுகிறது. பருத்தி நனைந்தால் வலுக் குறைவதில்லை. ஆனால் நீர் குடித்துக் கனத்த போர்வையின் பாரமெல்லாம் தையலின்மேல் விழுகிறது. (பட்டு நனைந்தால் வலுக் குறையும். அதைப் பருத்தியோடு சேர்த்துத் தைக்காதிருப்பதே நல்லது.)

நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொதிகலன் தகட்டில் ரிவெட் அடிக்கும்போது, துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை, துளை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் ரிவெட் நிற்கும், தகடு கிழியும். துணியிலும் அதே கதைதான். என் மனைவி விட்டிருந்த விளிம்பு கால் அங்குலம். நெருக்கமாக நெய்த புதுத்துணிக்கு அது போதும். பல வருடம் உடுத்தித் தேய்ந்த சேலைக்கு அரை அங்குலமாவது வேண்டும்.

பழைய காந்தாக்காரர்கள் இதைக் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகத் திரிந்து சேர்த்த காந்தாக்கள், டயமண்ட் ஹார்பர் சாலையில் ஜோகாவில் உள்ள அவர் பெயர் கொண்ட அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. அவற்றில் வேலைப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக்கூடாது. துணி முழு அகலமாக இருக்கும். ஓரம் உள்ளே மடிந்திருக்கும். பரப்பு முழுவதும் ஓடும் தையல் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

பிரிந்ததைச் சரிசெய்ய, கொதிகலனில் இரு தகடுகள் சந்திக்கும் இடத்தில் மேல்பட்டை வைப்பதுபோல் செய்தேன். தொங்கிய நூல்களை இழுக்காமல் கத்தரித்தேன். ஒன்றரை அங்குல அகலப் பருத்திப் பட்டியை முன்பே நனைத்துச் சுருங்கவிட்டு, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, பிரிந்த தையலின் மேல் வைத்து இருபுறமும் தைத்தேன். போர்வையின் வெளிவிளிம்புக்குக் குறுக்காக வெட்டிய பட்டி வைத்தேன். ஊசி பிடிக்க மாஷிமாவே கற்றுத் தந்தார். பத்து நாள் பிடித்தது.

புதிதாகத் தைப்பவர்களுக்கு ஒரு யோசனை. அரை அங்குலம் விட்டு, அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் போட்டு, ஒரு பக்க விளிம்பைச் சிறிதாக வெட்டி, மறுபக்க விளிம்பை அதன்மேல் மடித்து மறுபடி தையுங்கள். ஜீன்ஸ் கால்சட்டையின் உட்கால் தையல் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. முதலில் இரண்டு கையகலத் துண்டுகளைத் தைத்து, மூன்று முறை துவைத்துப் பாருங்கள். சோதிக்காமல் எதையும் ஓடவிடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

துவைக்கும்போது குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். பதினைந்து நிமிடம் ஊறவைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முறுக்கிப் பிழியவேண்டாம். துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, ஒரே கொடியில் தொங்கவிடாமல் இரண்டு கொடிகளின் மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கல்கத்தா மழைக்காலத்தில் கனத்த போர்வையைத் துவைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும். மார்கழி, தை மாதங்களே உகந்தவை.

பேரன் பிறந்து ஐந்து மாதமாகிறது. குழந்தை இருக்கும் வீட்டில் மாதம் பார்த்தா துவைக்கமுடியும்? மழையானாலும் மின்விசிறியடியில் விரித்து உலர்த்துகிறோம். போர்வை எத்தனையோ முறை நீர் கண்டுவிட்டது. பட்டிகள் அப்படியே நிற்கின்றன. சென்ற வாரம் மகள் அதைத் தடவிப் பார்த்து, "இந்தப் பச்சைச் சேலையில் அம்மா எனக்கு ஞாபகமிருக்கிறாள்" என்றாள். நானும் அந்தச் சதுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.