பழைய காருக்கு என்ன விலை?

பழைய புடவைக்குப் பாத்திரம் போடுகிறவர் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாட்டியம்மாளோ எவர்சில்வர் அடுக்கை விரலால் சுண்டிப் பார்ப்பார். அரைமணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஒரு விலை படியும். தாம் ஏமாறவில்லை என்ற திருப்தியோடு இருவரும் பிரிவார்கள்.

இந்தச் சாமர்த்தியம் மிகவும் தேவைப்படுகிற ஒரு சந்தை இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே கைமாறுவது புடவையல்ல. ஐம்பது, அறுபது வயதான ஸ்போர்ட்ஸ் கார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த மொத்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, படித்த பெரிய மனிதர்கள் அங்கே போய் ஏமாந்து வருகிறார்கள். காரணம் ரொம்பச் சுலபம். எதிரே நிற்கும் காரை அவர்கள் பார்ப்பதில்லை. இருபது வயதில் வாங்க முடியாமல் போன காரைப் பார்க்கிறார்கள்!

எம்.ஜி.பி. என்ற காரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை இதைச் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் துணி மூடியை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியதுதான். முதலில் வந்தபோது வரி உள்படச் சுமார் 950 பவுன். (பவுன் என்றதும் எட்டுக் கிராம் தங்கத்தை நினைத்துவிடாதீர்கள். இது இங்கிலீஷ்காரர்களுடைய நாணயம்.) எல்லா வகைகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆகையால், "அபூர்வமான வண்டி, விட்டால் கிடைக்காது" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இது போனால் இன்னொன்று கிடைக்கும்.

ஆனாலும், ஒரே வருஷத்தில் பிறந்து ஒரே சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டு நிற்கும் இரண்டு எம்.ஜி.பி.க்களில், ஒன்றின் விலை மற்றதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

விடை கதவுக்குக் கீழே இருக்கிறது. இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடம்பேதான் எலும்பும். கூரையும் இல்லாத வண்டியில், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, இரண்டு கதவுகளுக்கும் அடியில் பெட்டி போல் மடித்து ஓடும் தகடுகள்தான். சீமை மழையும், பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டுகிற உப்பும் அந்தப் பெட்டிக்குள் புகுந்து உள்ளேயிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரிய ஆரம்பித்தாலும் என்ன? பட்டியை அப்பித் தேய்த்து, மேலே வர்ணம் அடித்துவிட்டால் முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும்.

இதற்கு மாற்று மருந்து மிகவும் மலிவு. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். (துணி எதற்கு என்றால், வர்ணத்தில் கீறல் விழுந்து வீண் சண்டை வரக்கூடாது.) சக்கரங்களுக்கு மேலேயும் கதவுகளுக்குக் கீழேயும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: ஆரம்ப வருஷங்களில் வந்த எம்.ஜி.பி.க்களில் பானெட் மட்டும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டவில்லையே என்று விற்பவரோடு சண்டைக்குப் போனால் அசடு வழிய வேண்டியிருக்கும்.

அடுத்தபடியாகக் கதவைப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா? பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தால், முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம். நீங்கள் நடையைக் கட்டலாம்.

என்ஜினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா? என்ஜினுக்கு இரண்டாவது இடம்தான். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால், ஆறிக் கிடந்த என்ஜின் கிளம்பப் படும் பாட்டை நீங்கள் பார்க்காமலிருக்க, முன்கூட்டியே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். கிளப்பியபின் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. ஆனால் அதற்கெல்லாம் பயந்து ஓட வேண்டாம். இந்த என்ஜினுக்குச் சாமான்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. புகைக்கு விலையைக் குறைக்கலாம். துருவுக்குத்தான் பயப்பட வேண்டும்.

நியாயமான விலைக்குக் கணக்கு இங்கேதான் வருகிறது. நல்ல நிலையிலுள்ள வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். விற்கிறவர்கள் கேட்கும் விலையையல்ல. வாங்கினவர்கள் கொடுத்த விலையை. ஏலத்தில் போனதென்றால், சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் ஏலக் கம்பெனியின் கமிஷனும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. அந்த விலையிலிருந்து, நீங்கள் பார்த்த வண்டியை அதே நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நியாயமான விலை.

சில வண்டிகளுக்கு இந்தக் கணக்கில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை! எம்.ஜி.பி.க்கு 1988-ஆம் வருஷத்திலிருந்து புதிய உடம்பே செய்து விற்கிறார்கள். அதை வாங்கி, வர்ணம் அடித்து, பழைய வண்டியின் உறுப்புகளையெல்லாம் எடுத்து மாட்டி முடிப்பதற்குள், நல்ல எம்.ஜி.பி. ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். "கொஞ்சம் டிங்கரிங் வேலைதான் பாக்கி" என்று மலிவாகக் கொடுக்கிறவர், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

எல்லா விலையும் இப்படி நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே! கூரை வைத்த எம்.ஜி.பி. ஒன்று 1965-இல் வந்தது. புதிதாக விற்றபோது திறந்த வண்டியைவிட அதற்குத்தான் விலை அதிகம். இன்று அதுதான் மலிவு. 1974-இல் அமெரிக்கச் சட்டத்துக்காகப் பளபளக்கும் குரோமியப் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்புப் பம்பர் வைத்தார்கள், வண்டியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினார்கள். அழகு போயிற்று என்று அன்று எழுந்த புலம்பல் இன்னும் ஓயவில்லை. விலையும் அதனால் குறைவு. அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் ஏறிப் போய்வர வேண்டும் என்பவர்களுக்கு, என் அபிப்பிராயத்தில், கறுப்புப் பம்பர் வண்டிதான் லாபம். திறந்த கார்களுக்கு வசந்த காலத்தில் கிராக்கி ஏறும் என்பதால், குளிர் நடுக்கும் மாதங்களில் பேரம் பேசுவதும் லாபம்தான்.

இடையில் ஒரு சொந்தக்காரரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற கார் தயாராகி வந்தது; உங்கள் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ ஒன்று இருந்திருக்கலாம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கி, மேலே திறந்த உடம்பு வைத்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற சீமை ஸ்போர்ட்ஸ் கார். எம்.ஜி.யின் போட்டியாளரான அதையும் இன்று இதே காந்தத்தை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

விலை ஏற ஏற, காந்தத்தைவிடக் காகிதம் முக்கியமாகிவிடுகிறது. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த ஜாகுவார் இ-டைப்பில், அடிச்சட்டம், என்ஜின், உடம்பு, கியர்பெட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். தொழிற்சாலை ஏடுகளைப் பார்த்து, இந்த வண்டி இந்த எண்களோடுதான் வெளியே போயிற்று என்று சான்றிதழ் தருகிறார்கள். பத்துப் பொருத்தமும் இருந்தால் ஒரு விலை. என்ஜின் மட்டும் வேறு குலம் என்றால் ஒரு விலை. முதல் முதலில் வந்த இ-டைப்களில் கால் வைக்கும் தளத்தில் பள்ளம் இல்லாததால், உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு அவஸ்தைப்பட்டார்கள். அப்புறம் சரிசெய்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த அவஸ்தை உள்ள வண்டிக்குத்தான் விலை அதிகம்!

இப்படிப்பட்ட ஆசை ஒரு சமயம் ஊரையே பிடித்துக்கொண்டது. 1988-இல் என்ஸோ பெராரி காலமானதும் அவருடைய கார்களின் விலை வானத்தை எட்டியது. மற்றவையும் பின்னாலேயே ஏறின. காரில் ஏறி உட்காரக்கூட ஆசையில்லாதவர்கள் கடன் வாங்கிக் கார் வாங்கினார்கள். 1990-க்குப் பிறகு விலை சரிந்தது. கடன் மட்டும் சரியாமல் நின்றது.

அந்தப் பித்துக் காலத்தில்தான் "பழைய நம்பர் ஒன்" வழக்கு நடந்தது. 1929-இலும் 1930-இலும் லெமான் பந்தயத்தில் ஜெயித்த பெண்ட்லி கார் அது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். 1932-இல் புரூக்லாண்ட்ஸ் ஓட்டப் பாதையின் விளிம்பைத் தாண்டி அது விழுந்து, ஓட்டியவர் இறந்தார். மறுபடி அதைக் கட்டி, கூரை வைத்த வண்டியாக்கினார்கள். பிற்காலத்தில் அதை ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி முடித்தார்கள். வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி பிறகு பின்வாங்கியது. "லெமானில் ஓடிய இரும்பு இதில் எங்கே இருக்கிறது? இது அந்தக் காரே அல்ல" என்றது.

அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1929-இல் ஓடிய வண்டியின் உறுப்புகளில் மிச்சமிருந்தவை மிகச் சொற்பம். ஆனால் 1990-இல் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன் வேறு விதமாகப் பார்த்தார். பந்தயத்திலும் விபத்திலும் உறுப்புகள் மாறினவே தவிர, அந்த வண்டியின் வாழ்வு நடுவில் எங்கும் அறுந்துபோகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறு வண்டியும் இல்லை. ஆகவே பழைய நம்பர் ஒன் இதுதான் என்று அவர் தீர்ப்பளித்தார். விற்றவர் ஜெயித்தார்.