ஒளியிழையும் நீரிலுள்ள கன உலோகங்களும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று கொள்வதற்கில்லை. காட்மியம், காரீயம், பாதரசம் முதலிய கன உலோகங்கள் சிற்றளவில் நீரில் கரைந்திருக்கும்போது, நிறத்தாலோ மணத்தாலோ அவற்றைக் கண்டறிய இயலாது. குடிநீரில் காட்மியம் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. ஓர் அரிசிமணியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். அவ்வளவு காட்மியம் 6,000 லிட்டர் நீரை இவ்வெல்லைக்கு அப்பால் கொண்டு செல்லப் போதுமானது. உடலிற் சேர்ந்த காட்மியமோ பல ஆண்டுகள் தங்கிச் சிறுநீரகங்களைப் பழுதாக்குகிறது.

கேரளத்தில் கொச்சிக்கு அடுத்த களமசேரியின் அருகே, பெரியாற்றங்கரையிலுள்ள ஏலூர், எடையார் ஆகிய ஊர்களில் 1940-களிலிருந்து உரம், ரசாயனம், உலோகம் சார்ந்த ஆலைகள் பெருகின. அந்த ஆறு சென்று கலக்கும் கொச்சிக் கழிமுகத்தின் அடிவண்டலில் துத்தநாகமும் காட்மியமும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடலின் ஏற்றவற்றம் எட்டும் ஆற்றுப்பகுதியில் காலையில் எடுத்த ஒரு குப்பி நீர் மாலை நிலையைக் கூறாது. மேலும், குப்பியில் உரிய அமிலம் சேர்க்கத் தவறினால் உலோகத்தின் ஒரு பங்கு சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, நீரைச் சோதனைச்சாலைக்குக் கொண்டு செல்வதோடு, சோதனையை நீரிடம் கொண்டு செல்லும் வழியும் வேண்டியதாகிறது. ஒளியிழை உணர்கருவி அத்தகைய ஒரு வழி.

ஒளியிழை என்பது மயிரிழை போன்ற கண்ணாடி நூல். அதன் உள்ளகத்தைவிட மேலுறையின் ஒளிவிலகல் எண் குறைவு. ஆதலால் ஒளி உள்ளேயே முழுமையாக எதிரொளிக்கப்பட்டு மறுமுனையை அடைகிறது. ஆயினும், நன்கு கட்டிய வாய்க்காலிலும் கரைமண் ஈரமாயிருப்பதுபோல, ஒளியின் சிறு பகுதி எல்லைக்கு வெளியேயும் பரவி நிற்கும். இப்படலத்தின் தடிப்பு ஓர் அலைநீள அளவைத் தாண்டுவதில்லை. மேலுறையைச் சிறிது தூரம் நீக்கி இழையை நீரில் அமிழ்த்தினால், ஒளியை உறிஞ்சும் பொருள் அங்கிருக்குமாயின் மறுமுனையில் ஒளி குறையும். அக்குறைவே அளவீடாகும்.

உலோகத்தை இனங்காண்பது இழையன்று. அதனுடன் சேரும் வினைப்பொருளேயாகும். எடுத்துக்காட்டாக, ஆறிணைதிறக் குரோமியம் அமிலக் கரைசலில் டைபீனைல் கார்பசைடுடன் சேர்ந்து செவ்வூதா நிறம் தருகிறது. அந்நிறம் 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும். குரோமியம் கூடக்கூட ஒளி குறையும்.

களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் ஒளியணுவியலுக்கெனத் தனிப் பள்ளி ஏற்பட்டது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், மேலுறை நீக்கிய இழையைக் கொண்டு நீரிலுள்ள நுண்ணளவு நைட்ரைட்டை அளக்கும் முறையை 2002-இல் வெளியிட்டனர். நைட்ரைட்டு உலோகமன்று, எனினும் தக்க வினைப்பொருளைக் கொண்டு அதே தத்துவத்தை உலோகங்களுக்கும் பயன்படுத்தலாம்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. இழைமேற் படியும் பாசியும் சேறும், இழையின் வளைவும், விளக்கின் ஏற்றத்தாழ்வும் ஒளியைக் குறைத்து, இல்லாத உலோகத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். இதனைத் தவிர்க்க, உலோகத்தால் உறிஞ்சப்படாத மற்றோர் அலைநீள ஒளியையும் உடன் அனுப்பி ஒப்பிடுவர். இழை எச்சரிக்கை தந்த இடத்தில், முறைப்படி மாதிரி எடுத்து, அணு உறிஞ்சல் நிறமாலைமானியால் உறுதி செய்வதே தக்கது.

இதன் அடிப்படையை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். இருட்டறையில், பக்கத்தில் துளையிட்ட புட்டியிலிருந்து வளைந்து வீழும் நீர்த்தாரையினுள் எதிர்ப்புறமிருந்து கைவிளக்கொளியைச் செலுத்தினால், ஒளியும் தாரையோடு வளைந்து செல்லும். டிண்டால் 1854-இல் இலண்டனில் காட்டிய சோதனை இதுவே. களப்பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு: கருவி காட்டும் எண்ணுடன் இடம், நாள், நேரம், ஏற்றமா வற்றமா என்னும் குறிப்பையும் எழுதினாலன்றி, அவ்வெண்ணால் ஆற்றங்கரை மக்களுக்குப் பயன் விளையாது.